அப்பாவுக்கு ஒரு ஜமா

கேள்வி சுருக்கமாக இது: “அப்பாவுக்கு 67 வயது. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். காட்பாடியில் தனியாக இருக்கிறார். அம்மா தவறி ஒன்றரை வருடம் ஆகிறது. நான் பெங்களூரில். காலையில் டிவி போட்டால் ராத்திரிதான் அணைக்கிறார். வயதான ஆண்கள் கூடி உட்கார்ந்து பேசுகிற குழு வேலூர் பக்கம் இருக்கிறதா? இல்லாவிட்டால் ஒன்று தொடங்க முடியுமா? எங்கே கூப்பிட்டாலும் வர மாட்டேன் என்கிறார்.”

கடைசி வரியில் இருந்தே தொடங்குகிறேன். சிக்கல் முழுக்க அதில்தான் இருக்கிறது.

“வாங்க, நாலு பேரோட பேசிட்டு இருக்கலாம்” என்று கூப்பிட்டால் எங்கள் வயது ஆண்கள் வர மாட்டார்கள். முப்பது நாற்பது வருடம் நாங்கள் பேசியதெல்லாம் வேலையை ஒட்டிய பேச்சு. ஷிப்டு, அதிகாரி, டிரான்ஸ்பர், பிள்ளைகளின் பீஸ். சும்மா உட்கார்ந்து மனதில் இருப்பதைச் சொல்லிப் பழக்கமே இல்லை. வீட்டுக்கும் வெளிக்கும் நடுவில் பாலமாக இருந்தது பெரும்பாலும் மனைவிதான். யார் வீட்டில் விசேஷம், யாருக்கு உடம்பு சரியில்லை, எதிர்வீட்டில் என்ன சத்தம் என்பதெல்லாம் அவர் வழியாகத்தான் வந்துகொண்டிருக்கும். அவர் போன பிறகு தெருவே தெரியாத ஆளாகிவிடுகிறார் மனுஷன். உங்கள் அப்பாவுக்கு நடந்திருப்பதும் இதுவாகத்தான் இருக்கும். அவர் பிடிவாதக்காரர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் “ஒரு கை குறையுது, கொஞ்சம் வந்து பாருங்க” என்று சொல்லிப் பாருங்கள், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நான் 9 வருடமாக சத்துவாச்சாரியில் இப்படி ஒரு குழுவில் இருக்கிறேன். அஞ்சல் துறையில் ஆர்.எம்.எஸ். என்கிற ரயில் தபால் பிரிவில், கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற சார்ட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். காட்பாடி பிளாட்பாரத்தில் மெயில் பைகளோடு எத்தனையோ ராத்திரி நின்றிருக்கிறேன், ஒருவேளை உங்கள் அப்பாவைப் பார்த்துக்கூட இருக்கலாம். எங்கள் பக்கம் தெருக்கூத்துக் குழுவை ஜமா என்பார்கள். நாங்களும் எங்கள் குழுவை ஜமா என்றே சொல்லிக்கொள்கிறோம். இந்த 9 வருடத்தில் தானாக வந்து சேர்ந்தவர்களை விட, ஏதோ ஒரு வேலைக்காகக் கூப்பிடப்பட்டு வந்து அப்படியே தங்கிவிட்டவர்கள்தான் அதிகம்.

இதை ஆஸ்திரேலியாக்காரர்கள் 1990களிலேயே கண்டுகொண்டார்கள். அங்கே ஓய்வு பெற்ற ஆண்களுக்காக ஊருக்கு ஊர் ஒரு பட்டறைக் கொட்டகை போட்டார்கள். மர வேலை, பழைய சைக்கிள் பழுது பார்ப்பது, ஏதாவது ஒன்று கையில் ஓடிக்கொண்டிருக்கும். பேச்சு அதன் பக்கத்தில் தானாக நடக்கும். எதிரெதிரே உட்கார வைத்தால் வாய் திறக்காத ஆண்கள், தோளோடு தோள் நின்று வேலை செய்யும்போது பேசுவார்கள் என்பதுதான் அவர்கள் கணக்கு. 2007ல் இந்தக் கொட்டகைகளுக்கு நாடு தழுவிய சங்கமே அமைந்தது. அயர்லாந்து, இங்கிலாந்து என்று பிறகு பரவியது. நமக்கு இது புதிதா என்றால் இல்லை. பீடி சுற்றும் இடத்திலும் தறிக் கூடத்திலும் கை ஓட ஓட வாயும் ஓடும் என்பது குடியாத்தம்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

சரி, வேலூரில் ஏற்கெனவே என்ன இருக்கிறது? ஓய்வூதியர் சங்கங்கள் இருக்கின்றன. ரயில்வேக்காரர்களுக்குத் தனியாகவே உண்டு, உங்கள் அப்பாவுக்குத் தெரியாமல் இருக்காது. அங்கே பேச்சு பஞ்சப்படி, நிலுவை, மருத்துவக் காப்பீடு என்று போகும். தேவையான வேலைதான், ஆனால் கூட்டம் முடிந்தால் கலைந்துவிடுவார்கள். கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கும். அதன் உயிர் அந்தந்த நூலகரின் ஆர்வத்தைப் பொறுத்தது. கோட்டை அகழியை ஒட்டி விடியற்காலையில் நடக்கிற கூட்டம் இருக்கிறது. நடந்து முடித்து மர நிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவார்கள். உங்கள் அப்பா கால் திடமாக இருக்கிறவர் என்றால் முதலில் அதைத்தான் சொல்வேன். டீக்கடை பெஞ்சும் இருக்கிறது, ஆனால் அங்கே சத்தமாகப் பேசுகிற இரண்டு பேர்தான் பேசுவார்கள், மற்றவர்கள் பேப்பரைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். உங்கள் அப்பா எப்படிப்பட்டவர் என்று நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அவர் அந்தப் பெஞ்சில் இரண்டாவது வகையாகத்தான் இருப்பார்.

அதனால் சின்னதாக ஒன்று தொடங்குவதுதான் வழி என்று நினைக்கிறேன். நாங்கள் முதலில் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதில் காலம் கழிக்க வேண்டாம். ஒரு மாடியில் கீற்றுக் கொட்டகை, வாடகை மைக், வாரம் ஒரு சிறப்புப் பேச்சாளர் என்று ஆரம்பித்தோம். முதல் வாரம் 40 பேர். மூன்றாவது வாரம் 20 பேர்கூட இல்லை. இரண்டு மாதத்தில் 6 பேர். மாடிப்படி முட்டிக்கு ஆகவில்லை, அது ஒரு காரணம். பெரிய காரணம், வந்தவர்களை எல்லாம் நாங்கள் கேட்பவர்களாக உட்கார வைத்துவிட்டோம். வீட்டில் டிவி முன்னால் கேட்டுக்கொண்டு இருப்பவரை இங்கே கூட்டி வந்து மைக் முன்னால் கேட்க வைத்தால் அவர் எதற்கு வர வேண்டும்?

மிச்சமிருந்த 6 பேரும் ஒருவர் வீட்டுக் கார் ஷெட்டில், பிளாஸ்டிக் சேரை வட்டமாகப் போட்டு உட்கார்ந்தோம். அன்றைக்குப் பேச எதுவும் தயார் செய்யவில்லை. ஒருவர், “முதல் சம்பளத்துல என்ன வாங்கினீங்க? ஆளுக்கு அஞ்சு நிமிஷம் சொல்லுங்க” என்றார். அந்தக் காலையை நான் மறக்க மாட்டேன். ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஷாப்பில் இருந்த ஒரு அண்ணன், இரண்டு மாதமாக வாயே திறக்காதவர், தன் முறை வந்ததும் சம்பளத்தைப் பற்றிப் பேசவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் செருப்பைக் கழற்றச் சொன்னார். வாரின் வெட்டு விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்து வெளிச்சத்தில் காட்டினார். “இத்த பாருங்க, உள்ளாற நீலம் கலந்தாப்ல கீது. இது குரோம் ரசாயனத்துல பதப்படுத்தினது. பட்டைத் தோலா இருந்தா உள்ள வரைக்கும் பழுப்பா இருக்கும்” என்றார். அப்புறம் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலம், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்றால் காலில் தோல் உரிவது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனது என்று முக்கால் மணி நேரம் பேசினார். யாரும் நடுவில் குறுக்கிடவில்லை. அடுத்த வாரம் அவர்தான் எல்லாருக்கும் முன்னால் வந்து சேர்களைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இன்றைக்கு வரை அந்த வேலை அவருடையதுதான், யாரையும் தொட விட மாட்டார்.

அன்றிலிருந்து எங்கள் முறை இதுதான். வாரம் ஒரு கேள்வி. அது கையாலும் காலாலும் செய்து பார்த்தவர்களால் மட்டுமே பதில் சொல்ல முடிகிற கேள்வியாக இருக்க வேண்டும். பாலாற்று மணலில் ஊற்று தோண்டித் தண்ணீர் எடுத்தது எந்த வருடம் வரை? உங்கள் ஊர் பாரதக் கூத்தில் துரியோதனன் படுகளத்தை யார் மண்ணால் செய்வார்? 1981 மார்ச்சில் சத்துவாச்சாரியில் இருந்து கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரரைக் கொண்டு போன அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்? இந்தக் கேள்விக்கு மட்டும் மூன்று வாரம் ஓடியது. சாமி இல்லாத கோயில் என்று ஊருக்கே பேர் இருந்த காலத்தை நேரில் பார்த்தவர்கள் நாங்கள். வடஆற்காடு மாவட்டம் 1989 செப்டம்பர் 30ல் இரண்டானபோது அலுவலகங்களில் என்ன நடந்தது என்று ஒருவர் சொன்னார். பல வருடம் கழித்தும் ‘வ.ஆ. மாவட்டம்’ என்று எழுதி வந்த கடிதங்களை நாங்கள் பிரித்த கதையை நான் சொன்னேன்.

உங்கள் அப்பாவுக்கு என் கையில் ஒரு கேள்வி தயாராக இருக்கிறது. விழுப்புரம் – காட்பாடி பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்தில், வண்டியை அடுத்த ஸ்டேஷனுக்கு விட டோக்கன் கொடுப்பார்களே, அது எப்படி நடந்தது? ஓடுகிற வண்டியில் டிரைவர், டோக்கன் மாட்டிய அந்த வளையத்தை எப்படிக் கை நீட்டி வாங்குவார்? தவறிக் கீழே விழுந்தால் என்ன செய்வீர்கள்? இதற்கு அவரால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது என்று நம்புகிறேன்.

பேசக்கூடாதவையும் உண்டு. கட்சி, சாதி, மதம் மூன்றும் எங்கள் வட்டத்துக்குள் வராது. ஒரு தேர்தல் சமயத்தில் இந்த விதியைத் தளர்த்தினோம். இரண்டு நல்ல மனிதர்கள் கோபித்துக்கொண்டு போனார்கள், ஒருவர் திரும்பி வரவே இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. பணமும் கூடாது. சீட்டு, கைமாற்று, மனை விற்பனை, இன்சூரன்ஸ், மூலிகைப் பொடி எதுவும் உள்ளே வரக்கூடாது. ஓய்வுப் பணம் கையில் இருக்கிற ஆண்கள் கூடும் இடம் என்றால் விற்கிறவர்கள் மோப்பம் பிடித்து வருவார்கள். முதல் நாளே தடுத்துவிடுங்கள். டீச் செலவுக்கு ஒரு உண்டியல், இஷ்டப்பட்டவர் போடலாம், அவ்வளவுதான்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். திண்ணைப் பேச்சு, சாவடிப் பேச்சு என்று பழைய காலத்தைப் பற்றி நம்மவர்கள் உருகி எழுதுகிறார்கள். அந்தத் திண்ணையில் எல்லாரும் உட்கார முடிந்ததில்லை. எங்கள் வட்டத்திலேயே சின்ன வயதில் திண்ணைக்குக் கீழே நின்று பேசியவர்கள் இருக்கிறார்கள். அதனால் நாங்கள் ஒரு விஷயத்தில் கண்டிப்பு. ஆபீஸராக இருந்தவர் ‘சார்’, தோல் ஷாப்பில் இருந்தவர் ‘நீ’ என்கிற கணக்கு இங்கே கிடையாது. எல்லாரும் எல்லாருக்கும் அண்ணன். எல்லாருக்கும் ஒரே சேர், ஒரே டம்ளர். முதல் மாதம் சிலருக்கு நாக்கு வளையவில்லை. பிறகு பழகிவிட்டது.

நேரமும் இடமும் சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் குழு நிற்பதும் விழுவதும் இதில்தான். எங்களுக்கு வியாழக்கிழமை காலை 10 முதல் 11.30. வெயில் காலத்தில், அதாவது பங்குனி பிறந்ததில் இருந்து ஆடி வரை, காலை 7 மணி. வேலூர் வெயிலில் பத்து மணிக்கு மேல் ஒரு வயதானவரை நடக்க விடக்கூடாது. சாயங்காலத்தை விட்டுவிட்டோம். கண்புரை இருக்கிறவர்களுக்கு இருட்டில் வீடு திரும்புவது ஆபத்து. தொழுகைக்குப் போகிற பாய்மார்களுக்கும் பிற்பகல் அஸர் தொழுகைக்கும் சூரியன் மறைந்ததும் வரும் மஃரிப் தொழுகைக்கும் நடுவில் இருக்கிற சாயங்கால நேரம் போதாது. தரைத்தளமாக இருக்க வேண்டும். பத்தடிக்குள் கழிப்பறை இருக்க வேண்டும். புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள், வராமல் நின்றுவிடுவார்கள்.

காது விஷயத்தில் இன்னும் கொஞ்சம் நிற்கிறேன். எங்கள் வட்டத்தில் பாதிப் பேருக்குக் காது மந்தம். ஃபேன் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, ஆனால் கேட்காதவர் ‘கேட்கலை’ என்று சொல்லாமல் சிரித்துக்கொண்டு தலையாட்டுவார். நான்கு வாரம் தலையாட்டிவிட்டு ஐந்தாவது வாரம் வீட்டில் இருந்துவிடுவார். மறதி நோயைப் பற்றி லான்செட் மருத்துவ இதழின் குழு 2024ல் பட்டியலிட்ட 14 காரணங்களில் காது மந்தமும் இருக்கிறது, யாரோடும் பழகாமல் தனித்திருப்பதும் இருக்கிறது. முதலாவது இரண்டாவதுக்குக் கொண்டு விடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் ஃபேனைக் குறைத்து, சேரை நெருக்கிப் போட்டு, ஒருவர் பேசும்போது மற்றவர் பேசாமல் இருக்கப் பழக்கினோம். 12 பேருக்கு மேல் சேர்ந்தால் இன்னொரு வட்டமாகப் பிரிந்துவிடுவோம். உங்கள் அப்பா டிவி சத்தத்தை அதிகமாக வைக்கிறாரா என்று கவனியுங்கள். அப்படியானால் முதலில் காதுப் பரிசோதனை.

இப்போது எங்கள் ஜமாவில் நான் பெரிதாக மதிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். ஒரு 80 பக்க நோட்டு. அதில் வருகைப் பதிவு. பள்ளிக்கூடம் மாதிரி என்று ஆரம்பத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, 70ஐத் தாண்டிய ஒரு அண்ணன் வரவில்லை. மனைவி இல்லாதவர், பிள்ளைகள் வெளிநாட்டில். 10.20 வரை பார்த்தோம். போன் மூன்று தடவை முழுக்க அடித்து நின்றது. இரண்டு பேர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். குளியலறையில் விழுந்து கிடந்தார். காலை ஆறரை மணியில் இருந்து அப்படியே கிடந்திருக்கிறார். இடுப்பு எலும்பு முறிவு. “ஜன்னல் வழியா உங்க குரல் கேக்கற வரைக்கும் நோட்டைத்தான் நெனச்சிகினு இருந்தேன். இன்னிக்கு வியாழக்கெழம, எப்படியும் தேடுவாங்கன்னு” என்று பிறகு சொன்னார். இப்போது வாக்கர் பிடித்துக்கொண்டு வருகிறார்.

அதற்குப் பிறகு விதியை இறுக்கினோம். வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்ல வேண்டும். சொல்லாமல் வராவிட்டால் 20 நிமிடத்தில் போன், அரை மணியில் வீட்டுக்கு ஆள். தனியாக இருப்பவர்கள் குளியலறைக் கதவைத் தாழ் போடுவதில்லை. வீட்டின் இன்னொரு சாவி நம்பிக்கையான பக்கத்து வீட்டில் இருக்கும். மற்ற ஆறு நாட்களுக்கும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. 2020 ஊரடங்கில் தொடங்கியது. காலை 8 மணிக்கு ஒருவர் அடுத்தவரைக் கூப்பிட, அவர் அதற்கடுத்தவரைக் கூப்பிட, சங்கிலி மாதிரி சுற்றிக் கடைசி ஆள் முதல் ஆளைக் கூப்பிடுவார். இரண்டு நிமிடம்கூட ஆகாது. “இன்னாண்ணா, நல்லா கீறீங்களா?” என்பதோடு முடிந்துவிடும். வாட்ஸ்அப்பில் காலை வணக்கப் படம் அனுப்புவதை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. குரல் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938ல் தொடங்கி, 724 ஆண்களைப் பின்தொடர்ந்து, அவர்கள் கிழவர்களாகிற வரை பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. மற்றவர்களோடு நெருக்கமான உறவு இருந்தவர்கள்தான் முதுமையில் உடம்பாலும் மனதாலும் நன்றாக இருந்தார்கள் என்பது அதன் முக்கியமான முடிவு. எங்கள் 12 பேரை வைத்து நான் ஆய்வு எதுவும் செய்ய முடியாது. ஆனால் போன் வராவிட்டால் ஒருவர் கவலைப்படுவார் என்று தெரிந்தவர் காலையில் ஷேவ் செய்துகொள்கிறார், மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறார். இதை நான் பார்க்கிறேன்.

இனி காட்பாடியில் நீங்கள் செய்ய வேண்டியது. அடுத்த முறை வரும்போது இரண்டு நாள் கூடுதலாக இருங்கள். அப்பாவிடம் குழு என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். அவரோடு வேலை பார்த்தவர்கள் யார் யார் அங்கேயே இருக்கிறார்கள் என்று பேச்சுவாக்கில் கேளுங்கள். மூன்று பேர் கிடைத்தால் போதும். அவர்களில் ஒருவர் வந்து அப்பாவிடம், “இந்த மாதிரி ஒண்ணு ஆரம்பிக்கறோம், நோட்டு எழுத ஆள் வேணும், உங்க கையெழுத்து நல்லா இருக்கும்” என்று கேட்கட்டும். மகன் சொல்லிப் போவதற்கும் பழைய சகா கேட்டுப் போவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. முதல் கூட்டம் உங்கள் வீட்டில் வேண்டாம், வேறொருவர் வீட்டுத் தாழ்வாரத்தில் வையுங்கள். உங்கள் வீட்டில் வைத்தால் அப்பா உட்கார்ந்த இடத்திலேயே இருப்பார், வெளியே கிளம்புவதுதான் பாதி மருந்து. பதிவு, சங்கம், லெட்டர்பேடு எதற்கும் அவசரம் இல்லை. பின்னால் தேவைப்பட்டால் தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டம், 1975ன் கீழ் 7 பேர் இருந்தால் பதிவு செய்துகொள்ளலாம். நாங்கள் இன்னும் செய்யவில்லை.

ஒரு எச்சரிக்கை. அவர் சாப்பாட்டையே ஒதுக்குகிறார், தூக்கம் இல்லை, குளிப்பதில்லை, ‘நான் இருந்து என்ன ஆகப்போகுது’ என்று பேசுகிறார் என்றால் அது ஜமாவால் தீர்கிற விஷயம் இல்லை. டாக்டரிடம் போக வேண்டும். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். முதியோருக்கான மற்ற உதவிகளுக்கு 14567. இந்த இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி அவர் போன் பக்கத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள்.

தொடங்குவதற்கு முன்னால் எங்கள் கார் ஷெட்டை ஒரு வியாழக்கிழமை பார்க்க வேண்டும் என்றால் அவரை அனுப்பி வையுங்கள். டோக்கன் கேள்வியை அன்றைக்கு வைத்துக்கொள்கிறோம். போய் வந்த பிறகு பெங்களூரில் இருந்து போன் செய்யும்போது ‘போனீங்களா, மாத்திரை போட்டீங்களா’ என்று விசாரிக்க வேண்டாம். அங்கே யார் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொண்டு கேளுங்கள், அவர் பேச ஆரம்பித்தால் சீக்கிரம் முடிக்க மாட்டார்.